டர்ன்ஸ்டைல் எப்போது பாப் ஆனது?

நண்பர் ஒருவர் சொல்லி டர்ன்ஸ்டைல் குழுவின் 'க்ளோ ஆன்' ஆல்பத்தைக் கேட்டதாகவும், அது மிகவும் பிடித்துப்போய் அதே குழுவின் 2011ஆம் ஆண்டுப் பதிவைத் தேடிக் கேட்டபோது வேறு யாரோ செய்தது போல் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். காட்டுக் கத்தலாக இருந்த ஒரு ஹார்ட்கோர் குழு பத்து ஆண்டுகளில் இப்படி மிதக்கும் பாப் இசைக்கு எப்படி வந்து சேர்ந்தது, பழைய ரசிகர்கள் சொல்வது போல அது பணத்துக்கு விலைபோன கதைதானா என்பவை உங்கள் முக்கியமான இரண்டு கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கு என் விடை 'இல்லை' என்பதே. முதல் கேள்விக்குத்தான் நீண்ட விடை வேண்டியிருக்கிறது. ஏனெனில், அந்த மாற்றம் ஓர் ஆல்பத்தில் திடீரென்று நிகழ்ந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். வரிசையாகக் கேட்டால் அப்படித் தோன்றாது. இந்தக் குழு தொடக்கம் முதலே தாளத்திலிருந்து பாட்டைக் கட்டும் குழு. அந்தத் தாளத்தை அவர்கள் இன்றுவரை கைவிடவில்லை. தாளத்தைச் சுற்றியிருந்த வெளியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திக்கொண்டே வந்தார்கள். நீங்கள் 'மிதக்கும்' என்று சொல்வது அந்த வெளியைத்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஹார்ட்கோர் எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எதிலிருந்து மாறினார்கள் என்று தெரியாமல் எதற்கு மாறினார்கள் என்று பேச முடியாது. 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலிஸ், பாஸ்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் பங்க் என்ற முரட்டு ராக் இசையைக் கேட்டு வளர்ந்த பையன்கள் அதன் வேகத்தைக் கூட்டி, நீளத்தைக் குறைத்து, அலங்காரம் என்று தோன்றிய எல்லாவற்றையும் வெட்டியெறிந்து உருவாக்கிய இசை அது. ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம் ஓடினால் அதிகம். மின்னியாபொலிஸ் பகுதியைச் சேர்ந்த ஹஸ்கர் டூ என்ற மூவர் குழு 1982இல் வெளியிட்ட முதல் ஆல்பம் மேடையிலேயே பதிவானது. 17 பாட்டுகளும் சேர்ந்து அரை மணி நேரம்கூட வராது. இந்த இசையின் ஒலியில் ஈரமே இருக்காது. டிரம்ஸில் ஸ்நேர் என்ற சிறிய முரசு காதருகே சுள்ளென்று அடிக்கும், கிட்டார் மூச்சுவிடாமல் அறுக்கும், குரல் முகத்துக்கு நேரே நின்று கத்தும். எதிரொலி, இடைவெளி, தயக்கம் எதற்கும் இடமில்லை. நூறு பேர் கொள்ளும் அறையில் இருநூறு பேர் நெருக்கியடித்து நின்று கேட்பதற்கென்று செய்யப்பட்ட ஒலி அது. பாடகருக்கும் கூட்டத்துக்கும் நடுவே தடுப்பு இருக்காது. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினால் நான்கைந்து பேர் அதன் மேல் விழுந்து பாடுவார்கள். மேடையேறிய ஒருவர் அடுத்த நொடியில் கூட்டத்தின் கைகளில் குதித்து மிதந்துகொண்டிருப்பார்.

இந்த வேகத்துக்குள் ஓர் உத்தி ஒளிந்திருக்கிறது. அதற்குப் பெயர் ப்ரேக்டவுன். தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு ஒரு கட்டத்தில் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும். இரண்டாம் காலத்திலிருந்து முதல் காலத்துக்கு இறங்குவது போல என்று சொன்னால் கச்சேரி கேட்டவர்களுக்கு உடனே புரியும். அந்த இடத்தில்தான் கூட்டம் ஆடும். 1980களின் பிற்பகுதியில் நியூயார்க் குழுக்கள் இதைக் கனமாக்கி, ஆட்டத்துக்கு உரிய தாள நடையாகவே வளர்த்தெடுத்தன. ஆக, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கோபமாக மட்டும் தெரியும் ஹார்ட்கோர், உள்ளிருப்பவர்களுக்கு நடன இசையும்தான். இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இசையின் பிதாமகர்களில் ஒருவராக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாஷிங்டனின் பேட் ப்ரெய்ன்ஸ் குழுவினர் ஜாஸ் ஃபியூஷன் வாசிக்கத் தொடங்கிப் பின்பு பங்குக்கு வந்த கறுப்பினக் கலைஞர்கள். 1982இல் கேசட்டாக வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் மின்னல்வேகப் பாட்டுகளுக்கு நடுவே ஜமைக்காவில் பிறந்த ரெகே வகையின் சாவகாசமான பாட்டுகள் இருக்கின்றன. 'ஹார்ட்கோர் என்றால் இதுதான், இதற்கு மேல் போகக் கூடாது' என்று இன்று கோடு போடுபவர்கள் அந்தக் கேசட்டை மறந்துவிடுகிறார்கள்.

டர்ன்ஸ்டைல் 2010இல் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோரில் தொடங்கியது. வாஷிங்டனிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத் தொலைவு. துறைமுகத் தொழில்கள் நொடித்துப்போன, வாடகை குறைந்த நகரம். அதே நகரம்தான் பீச் ஹவுஸ் என்ற இருவர் குழுவையும் தந்தது. கனவுப் பாப் என்ற வகைக்கு இன்று யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர்களில் அது ஒன்று. பால்டிமோர் க்ளப் என்று ஊரின் பெயரையே தாங்கிய, வெட்டி ஒட்டிய டிரம்ஸ் துணுக்குகளால் ஆன நடன இசையும் அங்கே உண்டு. இவற்றில் எது எதைப் பாதித்தது என்று நான் சூத்திரம் போட விரும்பவில்லை. ஒரே ஊரில் இவ்வளவும் புழங்கின என்பது போதும். டர்ன்ஸ்டைலின் பாடகர் பிரெண்டன் யேட்ஸ் அதற்கு முன்பே ட்ராப்டு அண்டர் ஐஸ் என்ற, அந்த வட்டாரத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட ஹார்ட்கோர் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இதில் இருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர் பாட வரும்போது சொற்களை ராகத்தில் தொங்கவிட மாட்டார், தாளத்தின் மேல் வைப்பார். யேட்ஸ் கத்திப் பாடிய காலத்துப் பதிவுகளிலும் ஒவ்வோர் அசையும் ஸ்நேரோடு மோதியோ அதற்கு அரை மாத்திரை தள்ளியோ விழுவதைக் கவனிக்கலாம். 2013இல் வந்த அவர்களின் சிறு பதிவுக்கு 'ஸ்டெப் 2 ரிதம்' என்று பெயர். ஹார்ட்கோர்க் கூட்டம் ஆடும் டூ ஸ்டெப் ஆட்டத்தையும் தாளத்தையும் சேர்த்துப் பின்னிய பெயர். தங்கள் திட்டத்தை அப்போதே அட்டையில் எழுதிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

2015 ஜனவரியில் முதல் முழு ஆல்பம் 'நான்ஸ்டாப் ஃபீலிங்' வந்தது. அரை மணிக்கும் குறைவாக ஓடும், பெரும்பாலும் துள்ளலும் கனமும் கலந்த ஹார்ட்கோர். ஆனால் அதன் நடுவே 'ப்ளூ பை யூ' என்றொரு பாட்டு இருக்கிறது. அதில் யாரும் கத்தவில்லை. மெல்லிய குரல் ஒன்று, கொஞ்சம் சோம்பலாக, ஏறத்தாழ ஒரு காதல் பாட்டைப் போல, கிட்டார்களின் மேல் நழுவிச் செல்கிறது. அப்போது அதைப் பலரும் இடைவேளையாக எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்; நானே அதைத் தாண்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனவன்தான். 2018இல் ரோட்ரன்னர் நிறுவனத்தின் மூலம் வந்த 'டைம் அண்ட் ஸ்பேஸ்' ஆல்பத்தில் இந்த இடைவேளைகள் பெருகின. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஃப்ரான்ஸ் லயன்ஸ் பாடிய 'மூன்' அவற்றில் ஒன்று. மின்னணு நடன இசைக்காரரான டிப்ளோ ஒரு பாட்டின் தயாரிப்பில் கைகொடுத்தார், அது செய்தியானது, சிலர் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டுகளில் இக்குழுவினர் சிலர் ட்ராப்டு அண்டர் ஐஸின் பாடகர் ஜஸ்டிஸ் ட்ரிப்போடு சேர்ந்து ஏஞ்சல் டஸ்ட் என்ற குழுவிலும் வாசித்துவந்தார்கள். அங்கே 2019இல் வந்த 'ப்ரிட்டி பஃப்' ஆல்பம் அகூஸ்டிக் கிட்டாரை வைத்துச் செய்த, வெயிலில் காய்ந்த துணி போன்ற பாப் இசை. பக்கத்து அறையில் ஒத்திகை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி 'க்ளோ ஆன்'. 2021 ஆகஸ்டு 27 அன்று வெளிவந்தது. 15 பாட்டுகள், சுமார் 35 நிமிடம். மைக் எலிசாண்டோ என்பவரைத் தயாரிப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள், யேட்ஸும் உடன் தயாரித்தார். எலிசாண்டோவின் பழைய கணக்கைப் பார்த்தால் தேர்வின் காரணம் தெரியும். ஹிப் ஹாப் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரேயின் கூடாரத்தில் பேஸ் வாசித்து வளர்ந்தவர். ராப் பாடகர் ஃபிஃப்டி சென்ட்டின் 'இன் டா க்ளப்' பாட்டின் இசையில் பங்கு கொண்டவர். பிறகு பாடகி ஃபியோனா ஆப்பிளுக்கும் ஆல்பம் செய்தார், மாஸ்டடான் என்ற மெட்டல் குழுவுக்கும் செய்தார். கனமான தாளத்தை அடித்தளமாக வைத்துவிட்டு, அதன் மேல் எவ்வளவு குறைவாகப் பொருள்களை வைக்கலாம் என்று ஹிப் ஹாப்பில் பழகிய காது அவருடையது. ஹார்ட்கோர் பதிவுகளில் எல்லாக் கருவிகளும் எல்லா நேரமும் ஒலிக்கும். எலிசாண்டோ செய்த முதல் காரியம், ஒலிக்காமல் இருக்க இடம் கொடுத்தது.

ஆல்பத்தின் முதல் பாட்டான 'மிஸ்டரி'யை ஹெட்ஃபோனில் கேளுங்கள். தொடக்கத்தில் சின்தசைசர் சுரங்கள் மணி கோத்தாற்போல் மேலேறி மின்னுகின்றன, ஏதோ விண்வெளிப் படத்தின் பெயர்ப் பலகைக்கு முன்னால் வருவது போல. சில நொடிகள்தான். உடனே கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றாக விழுகின்றன. விழுவது அசல் ஹார்ட்கோர் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), அதில் சந்தேகமில்லை. ஆனால் சின்தசைசர் மின்னல் காதில் முன்கூட்டியே ஓர் ஆகாயத்தைத் திறந்து வைத்துவிட்டதால், அந்த ரிஃப் அறைக்குள் விழவில்லை, திறந்த வெளியில் விழுகிறது. யேட்ஸ் பாடும்போது சொல்லின் கடைசி அசை இழுபட்டு எதிரொலியில் கரைகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு அந்த அசை கத்தியால் வெட்டியது போல நின்றிருக்கும். 'ப்ளாக்அவுட்' பாட்டில் இன்னொரு சாமர்த்தியம். ஓட்டம், பல்லவி, ஓட்டம் என்று போய்க்கொண்டிருக்கும்போது ஒரு கட்டத்தில் கிட்டார் ஒதுங்கிக்கொண்டு தாளம் மட்டும் முன்னுக்கு வருகிறது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கும் கணத்தில் மற்றவர்கள் வாத்தியங்களை மடியில் சாய்த்துக்கொண்டு மிருதங்கக்காரரைப் பார்ப்பார்களே, அந்தக் கணம் எனக்கு நினைவுக்கு வரும். பிறகு வருவது ப்ரேக்டவுன்தான், மரபுப்படியே வருகிறது. 'டோன்ட் ப்ளே'யில் லத்தீன் அமெரிக்க நடன இசையின் சாயலுள்ள தாள நடை ஹார்ட்கோரின் ஓட்டத்துக்கு அடியில் ஒலிக்கிறது; இரண்டும் சண்டை போடாமல் ஓடுவதற்குக் காரணம் டேனியல் ஃபாங் என்ற டிரம்ஸ்காரரின் கை. புதுமை என்று நான் சொல்ல விரும்புவது இந்த இடங்களைத்தான். சின்தசைசரைச் சேர்த்ததில் புதுமை ஒன்றும் இல்லை, அதை 1980இலேயே எல்லோரும் செய்துவிட்டார்கள்.

கனவு போன்ற தன்மை எப்படி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் இரண்டு ஒலி வேலைகளால் வருவது. ஒன்று ரிவெர்ப்: கல்மண்டபத்தில் ஒருவர் பாடினால் குரல் தூண்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்து அடுத்த சொல்லோடு கலந்துவிடுகிறதே, அதே விளைவைச் செயற்கையாக உண்டாக்குவது. மற்றொன்று கோரஸ் என்னும் விளைவு: கிட்டார் ஒலியின் நகலொன்றை எடுத்து, மிகச் சிறிது தாமதப்படுத்தி, அதன் சுருதியை இம்மியளவு அசைத்து, மூலத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஏறக்குறைய சேர்ந்தும் முழுவதும் சேராத இரண்டு தம்புராக்களை ஒரே நேரத்தில் மீட்டினால் ஒலி அலையலையாக நெளியும். அந்த நெளிவுதான் இது. 'அண்டர்வாட்டர் பாய்' பாட்டில் கிட்டார் முழுக்க இந்த நெளிவில் மூழ்கியிருக்கிறது, பெயருக்கு ஏற்றபடி தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல. ஜூலியன் பேக்கர் என்ற பாடகி பின்னணியில் பாடுகிறார். ஆனால் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: அதற்கு இந்த ஈரம் படவில்லை. அது கெட்டியாக, காய்ந்தபடி, முன்னால் நிற்கிறது. சுற்றிலும் புகை, நடுவில் கல் தூண். சாதாரணக் கனவுப் பாப்பில் டிரம்ஸும் புகைக்குள் போய்விடும். அதனால் அது இனிமையாக இருந்தாலும் சில பாட்டுகளில் தூக்கம் வந்துவிடுகிறது. டர்ன்ஸ்டைல் கேட்டு யாரும் தூங்குவதில்லை.

'ஏலியன் லவ் கால்' என்ற பாட்டு இந்த வழியின் கடைசி எல்லை. இங்கே வேகமே இல்லை; கனமான கிட்டார் இல்லை; ரெகேயின் தளர்வும், ஆர் அண்ட் பி என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாட்டு மரபின் ஏக்கமும் சேர்ந்த மெதுவான நடை. ப்ளட் ஆரஞ்ச் என்ற பெயரில் இசைக்கும் டெவ் ஹைன்ஸ் இதில் உடன் பாடுகிறார், ஆல்பத்தின் கடைசிப் பாட்டிலும் வருகிறார். மென்மையான பாப் உலகத்திலிருந்து ஒரு நட்சத்திரத்தை விலைக்கு அழைத்து வந்ததாக இதைச் சிலர் எழுதினார்கள். ஹைன்ஸ் யார் என்று பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு சுவாரசியமாகிவிடும்: 2000களின் நடுவில் லண்டனில் டெஸ்ட் ஐசிகிள்ஸ் என்ற, இரைச்சலும் கூச்சலுமான பங்க் குழுவில் தொடங்கியவர் அவர். ஒரே தூரத்தை வேறொரு பாதையில் அவரும் நடந்தே வந்திருக்கிறார். இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் பேட் ப்ரெய்ன்ஸ் கேசட்டின் ரெகே பாட்டுகள் நினைவுக்கு வருகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு போட்ட விதை என்று சொன்னால் மிகையாகலாம். வேலியைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று சொல்வது அதைவிடப் பெரிய மிகை, ஏனெனில் வேலி அங்கே இருந்ததே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு உதவும். பென்சில்வேனியாவின் கிங்ஸ்டன் ஊரைச் சேர்ந்த டைட்டில் ஃபைட், ராகமுள்ள ஹார்ட்கோரில் தொடங்கிய குழு. 2015இல் வந்த அவர்களின் 'ஹைப்பர்வியூ' ஆல்பம் முழுக்கக் கனவுப் பாப்புக்கும், கிட்டார் இரைச்சலில் குரல் மூழ்கும் ஷூகேஸ் இசைக்கும் போய்விட்டது. அதைத் தயாரித்த வில் யிப்தான் மூன்று ஆண்டுகள் கழித்து டர்ன்ஸ்டைலின் 'டைம் அண்ட் ஸ்பேஸை'யும் தயாரித்தார். 'ஹைப்பர்வியூ' அழகான ஆல்பம், மழைநாளில் கேட்க அதற்கு ஈடில்லை என்பேன். ஆனால் அவர்கள் சென்ற வழி வேறு. பழைய வீட்டைப் பூட்டிவிட்டுப் புதிய வீட்டுக்குக் குடிபோனார்கள்; கத்தல் போயிற்று, தாளத்தின் உதையும் போயிற்று, எல்லாக் கருவிகளும் ஒரே பனிமூட்டத்துக்குள் சென்றன. அதன் பிறகு அவர்களிடமிருந்து வேறு ஆல்பம் வரவில்லை. டர்ன்ஸ்டைல் பழைய வீட்டிலேயே இருந்துகொண்டு சுவர்களை இடித்து ஜன்னல் வைத்தது. இதனால்தான் அவர்களின் கச்சேரியில் 2011 பாட்டும் 2021 பாட்டும் அடுத்தடுத்து வந்தாலும் கூட்டத்தின் கால் தடுமாறுவதில்லை.

விலைபோன கதைக்கு வருவோம். இந்தக் குற்றச்சாட்டு ஹார்ட்கோரைப் போலவே வயதானது. மேலே சொன்ன ஹஸ்கர் டூ 1984இல் 'ஸென் ஆர்க்கேட்' என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டது. 23 பாட்டுகள், பியானோ துண்டுகள், பின்னோக்கி ஓடவிட்ட நாடாக்கள், கடைசியில் 14 நிமிடம் ஓடும் வாத்தியப் பாட்டு. ஒன்றரை நிமிடமே எல்லை என்றிருந்த உலகத்தில் இது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது வெளிவந்தது எஸ்எஸ்டி என்ற சிறு நிறுவனத்தில், சில நாள்களில், மிகக் குறைந்த செலவில் பதிவானது. அங்கே விலைபோக விலையே இல்லை. அவர்கள் வார்னர் நிறுவனத்துக்குப் போனது அதற்குப் பிறகு, 1986இல்தான். அதாவது இசை முதலில் மாறியது, பணம் பின்னால் வந்தது. டர்ன்ஸ்டைல் விஷயத்திலும் வரிசை அதேதான்: 'ப்ளூ பை யூ' வந்தது ரீப்பர் என்ற சிறிய ஹார்ட்கோர் நிறுவனத்தில். பெரிய நிறுவனம் வந்து இனிமையைத் திணித்தது என்று சொல்பவர்கள் அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். மேலும், ரோட்ரன்னர் அடிப்படையில் மெட்டல் இசைக்குப் பெயர்போன நிறுவனம். பணம்தான் குறியென்றால், ரெகேயும் ஆர் அண்ட் பியும் கலந்த மெதுவான பாட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது விசித்திரமான வியாபாரம். விருதுக்குழுவினருக்கும் இவர்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. 2023 கிராமி விருதுகளுக்கான பரிந்துரையில் 'ப்ளாக்அவுட்' ஒரே நேரத்தில் சிறந்த ராக் பாட்டுக்கும் சிறந்த மெட்டல் நிகழ்த்துதலுக்கும் முன்வைக்கப்பட்டது, 'ஹாலிடே' ராக் நிகழ்த்துதலுக்கு. 2026 விருதுகளுக்கான பரிந்துரையில் ராக், மெட்டல், ஆல்டர்நேட்டிவ் என்று மூன்று பெட்டிகளிலும் பெயர் இருந்தது.

இதனால் பழைய ரசிகர்களின் வருத்தம் பொய் என்று ஆகிவிடாது. உண்மையாகவே ஒன்றை இழந்திருக்கிறார்கள். ஹார்ட்கோரின் உயிர், பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே இருந்த அந்த இரண்டடித் தூரம். 2023இல் ப்ளிங்க்-182 என்ற புகழ்பெற்ற பாப் பங்க் குழுவின் நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு முன்னால் வட அமெரிக்காவின் மாபெரும் உள்ளரங்குகளில் வாசித்தபோது அந்தத் தூரம் இருபதடி ஆனது, நடுவே தடுப்புக் கம்பியும் காவலர்களும். வெளி அகலமான இசை அகலமான இடத்தில் நன்றாகவே ஒலித்திருக்கும். ஆனால் மைக்கின் மேல் விழுந்து பாடியவனுக்கு அங்கே வேலை இல்லை. குழுவினருக்கும் இது தெரியும் என்பதற்கு ஒரு சான்று: 2025 மே 10 அன்று பால்டிமோரின் வைமன் பார்க் டெல் என்ற பூங்காவில், புதிய ஆல்பம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, இலவசமாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். வீடற்றவர்களுக்கு மருத்துவ உதவி செய்யும் உள்ளூர் அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் புல்வெளிச் சரிவில் நிற்க, ரசிகர்கள் மேடையேறிக் குதித்துக்கொண்டே இருந்த அந்தக் காணொளி கிடைக்கிறது. கனவு போன்ற கிட்டார் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே காற்றில் கால்கள் பறப்பதைப் பார்க்கலாம். இன்னொரு பிரிவும் இதற்கிடையில் நடந்தது: தொடக்கத்திலிருந்து கிட்டார் வாசித்த பிரேடி ஈபர்ட் 2022இல் விலகினார். மெக் மில்ஸ் என்ற பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் பின்னர் நிரந்தர உறுப்பினரானார். அவரும் ஹார்ட்கோர் குழுக்களிலிருந்து வந்தவரே.

2025 ஜூன் 6 அன்று வந்த 'நெவர் எனஃப்' பற்றி என் கருத்து கொஞ்சம் கலவையானது. இம்முறை வெளித் தயாரிப்பாளர் இல்லை, யேட்ஸே தயாரித்தார். 14 பாட்டுகள், சுமார் 45 நிமிடம். அவர்களின் கணக்கில் இது காவியம். பாட்டுகளுக்கு நடுவே சின்தசைசர் நீண்டு நின்று மேகம் போல நகர்கிறது. 'சன்ஷவர்' வேகமான ஹார்ட்கோராகத் தொடங்கிப் பாதியில் கலைந்து, பிரிட்டிஷ் ஜாஸ் கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸின் புல்லாங்குழலில் போய் முடிகிறது. இந்தக் குழு செய்ததிலேயே துணிச்சலான திருப்பம் அதுதான் என்பேன். 'லுக் அவுட் ஃபார் மீ' ஆறு நிமிடத்தைத் தாண்டி ஓடி, பின்பாதியில் பால்டிமோர் க்ளப் இசையின் துள்ளலுக்குள் நுழைகிறது. ஊரின் இரண்டு இசைகள் ஒரே பாட்டில் கைகுலுக்கிக்கொள்ளும் இடம். ஆனால் 'சீயின் ஸ்டார்ஸ்', 'ஐ கேர்' போன்ற பாட்டுகளில் 1980களின் வானொலிப் பாப் சாயல் அதிகமாகி, அந்தக் கல் தூண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பாட்டுகள் இனிமையானவைதான், ஆனால் அவற்றை வேறு நல்ல குழுக்களும் செய்திருக்க முடியும். 'க்ளோ ஆன்' பாட்டுகளை வேறு யாரும் செய்திருக்க முடியாது. சில பாட்டுகள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மேகத்திலேயே தங்கிவிடுகின்றன. எலிசாண்டோ இருந்திருந்தால் ஐந்து நிமிடமாவது வெட்டியிருப்பார் என்று தோன்றியது. என் ஊகம், அவ்வளவே.

எந்த வரிசையில் கேட்பது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஆல்பங்களை ஆண்டு வரிசையில் கேட்பது சரியான வழிதான், ஆனால் பொறுமை வேண்டும். அதற்கு முன் ஒரு மாலையில் ஐந்து பாட்டுகளை மட்டும் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்: 'ப்ளூ பை யூ', 'மூன்', 'அண்டர்வாட்டர் பாய்', 'ஏலியன் லவ் கால்', பிறகு 'நெவர் எனஃப்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'மேஜிக் மேன்'. கடைசிப் பாட்டில் யேட்ஸின் குரலும் சின்தசைசரும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. தாளமே விலகிவிட்ட அந்த இடத்திலும், அவர் சொற்களை எங்கே வைக்கிறார் என்று விரலால் மேசையில் தட்டிக்கொண்டே கேளுங்கள்.